கழிவு போக

புளியரை மலைப்பாதையில் இறங்கி வரும் லாரிகள் பிரானூரை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கும். அந்த ஏர் பிரேக் விடும் பெருமூச்சில்தான் எனக்குப் பொழுது விடிகிறது. மணி நாலரை இருக்கும். அடுப்பில் கட்டன்சாயாவுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, சமையலறை ஜன்னலை ஒட்டிய மேசையில் தாள்களை எடுத்து வைப்பேன். ஒரு பக்கத்தில் மரக்கணக்கு அச்சான பழைய பில் தாள்கள், மறுபக்கம் வெறுமை. எடைக்குப் போட ஒதுக்கியவற்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஆறு மணிக்குப் பால்காரர் மணியடிக்கும் வரை அந்த மேசை என்னுடையது. பிறகு வீட்டு வேலை, ஒன்பது மணிக்கு மில், இரவு ஏழு மணிக்குத் திரும்புதல்.

செங்கோட்டையைத் தாண்டிக் கேரள எல்லைக்குப் போகும் இந்தச் சாலையில் மரக்கடைகளும் அறுவை மில்களும் நிறைய. அவற்றில் ஒன்றில் 23 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். கதை எழுதுவதும் ஏறக்குறைய அதே காலமாகத்தான். சிறுபத்திரிகைகளில் வந்தவை இருபதுக்கு மேல் இருக்கும். எழுத்து எனக்கு ஒரு வேளைச் சோறு போட்டதில்லை. ஆனால் அது இல்லாமல் நான் உண்ட சோறு உடம்பில் ஒட்டியதும் இல்லை.

சென்ற மாதம் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். இருபத்தாறு வயது. நன்றாக எழுதுகிறவள், இரண்டு கதைகள் படித்திருக்கிறேன். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று முறை டயாலிசிஸ். எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்றாள். "நீங்கள் எப்படி அக்கா விடாமல் எழுதினீர்கள்?" என்று கேட்டாள். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏதோ பேசி, இலையடையும் சாயாவும் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகு மனம் ஆறவில்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2019 ஐப்பசியில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் வாசல் தெளிக்கப் போனவர் வாளியோடு சாய்ந்துவிட்டார். வலது கையும் காலும் விழுந்தன. பேச்சு போய்விட்டது. திருநெல்வேலியில் மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்துவிட்டுத் திரும்பினோம். அந்த நவம்பர் 22-ஆம் தேதிதான் தென்காசி தனி மாவட்டமானது. அம்மா பிறந்தது 1943-ல், திருவிதாங்கூர் சமஸ்தானத்துச் செங்கோட்டையில். நாடு விடுதலை பெற்ற பின் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழகத்தோடு இணைந்து திருநெல்வேலி மாவட்டத்துக்கு வந்தது. இப்போது தென்காசி. பிறந்த ஊரை விட்டு ஓர் அடி நகராமல் இத்தனை முகவரி மாறியவர், நான்காவதைக் காணும்போது தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் படுத்திருந்தார்.

மறு ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு. புளியரையில் தடுப்பு போட்டுவிட்டார்கள். காய்கறி லாரிக்கும் பால் வண்டிக்கும் மட்டும் வழி. மரம் யாருக்கு அவசரம்? மில் சாத்தப்பட்டது. அசாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருந்த பையன்கள் என்ன செய்வதென்று தெரியாமல் மரத்தூள் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஏப்ரல், மே இரண்டு மாதமும் எனக்குப் பாதிச் சம்பளம். அதையும் முதலாளி கையிருப்பிலிருந்து கொடுத்தார், அதை மறக்க மாட்டேன். குற்றாலத்தில் சாரல் தொடங்கி அருவிகளில் தண்ணீர் கொட்டியது. குளிக்க ஒரு ஆள் இல்லை. புனலூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா, மலைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். ரயிலில் ஏறினால் ஒரு மலை தாண்டிய தூரம்தான். அம்மாவைப் பார்க்க வர முடியவில்லை.

இதற்கு நடுவில்தான் கைப்பிரதி தொலைந்தது. பதினொரு கதைகளைச் சேர்த்து ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. எல்லாம் கையெழுத்து. நகல் எடுத்து வைக்கவில்லை. ஜூன் மாதம் போன் செய்து கேட்டபோது, அலுவலகம் மாற்றியதில் எங்கோ போய்விட்டது என்றார்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினேன். ஒவ்வொரு கரண்டியும் வாயோரம் வழிந்தது. துடைத்தேன். ஊட்டினேன். அன்று இரவு, இனி இல்லை, போதும் என்று முடிவு செய்தேன். மேசையில் இருந்த தாள்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன்.

பரணிலிருந்து அவை எப்படி இறங்கின என்பதைச் சொல்வதற்கு முன்னால் மரம் அளக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும்.

மில்லில் சேர்ந்த முதல் வாரம் எனக்குக் கன அடி போடக் கற்றுக்கொடுத்தவர், தடி அளக்கும் மேஸ்திரி அண்ணாச்சி. உருண்டைத் தடியின் நடுப்பகுதியில் நாடாவைச் சுற்றி அளவெடுப்பார்கள். அந்தச் சுற்றளவை நான்கால் வகுத்து, வருவதை அதனாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்க வேண்டும். சுற்று 60 அங்குலம், நீளம் 10 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 60-ல் கால் பங்கு 15. பதினைந்தைப் பதினைந்தால் பெருக்கினால் 225. பத்து அடிக்கு 2250. அங்குலக் கணக்கை அடிக்குக் கொண்டுவர அதை 144-ஆல் வகுத்தால் 15.6 கன அடி. தடிக்கு விலை அந்த 15.6-க்குத்தான். பள்ளிக்கூடத்தில் படித்த உருளைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அதே தடி ஏறக்குறைய 20 கன அடி வருகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, மிச்சம் நாலு கன அடிக்கும் மேலே எங்கே போகிறது?" என்று கேட்டேன்.

"அது பட்டையும் பக்கப் பலகையும் தாயி. உருண்டைத் தடியைச் சதுரமாக்கினால் நாலு பக்கமும் போகத்தான் செய்யும். போகப்போவதை முதலிலேயே கழித்துவிட்டுத்தான் கணக்கு. முழுத்தடிக்கும் காசு கொடுத்து வாங்கியவன் பலகையை எண்ணும்போது அழுவான். இந்தக் கணக்கில் வாங்கியவன் அழ மாட்டான்."

சுற்றளவில் கால் பங்கு எடுக்கும் இந்த முறை, முழு உருளையில் நூற்றுக்கு 21 பங்குக்குச் சற்று மேலாகக் கழித்துவிடுகிறது. அதன் பிறகும் வாள் தின்னும் தூள் இருக்கிறது, வெடிப்பு இருக்கிறது, வெள்ளை இருக்கிறது. மரத்தின் உள்ளே கறுத்து இறுகியது வைரம். அதைச் சுற்றி வெளுத்துக் கிடப்பது வெள்ளை, பூச்சி முதலில் அரிப்பது அதைத்தான். இருபது ஆண்டு இந்தக் கணக்கை ஆயிரக்கணக்கான தடிகளுக்குப் போட்டிருக்கிறேன். என் காலை நேரத்துக்கு அதைப் போட்டுப் பார்த்ததே இல்லை.

அதுவரை நான் முழு உருளையாகத்தான் கணக்கிட்டு வந்தேன். தினமும் ஒன்றரை மணி நேரம், மாதம் நாற்பத்தைந்து மணி நேரம், அதற்கு ஒரு கதை. அம்மா இரவில் நான்கு முறை எழுப்பிய மறுநாள் காலையில் எழ முடியாது. எழுந்தாலும் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அந்த ஒன்றரை மணி நேரம் வீண் என்று எழுதிக்கொள்வேன். அப்படி வாரத்தில் நான்கு நாள் வீணாகும். மாதக் கடைசியில் கதை இல்லை. பலகையை எண்ணி அழுத ஆள் நான்தான்.

ஊரடங்கு தளர்ந்து மில் திறந்த பிறகு ஒருநாள் பழைய கணக்கு நோட்டில் தடி அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அறுவை மேடையில் வேங்கைத் தடி ஒன்று ஏறியது. ரம்பம் முதல் முறை போய் வந்ததும் பட்டையோடு கூடிய பக்கப் பலகை ஒன்று சரிந்து விழுந்தது. வேங்கையில் சிவப்பாகச் சாறு கசியும். அந்தப் பலகையின் வெட்டு முகத்தில் சிவந்த ஈரம். அதை ஒரு பையன் இழுத்துப் போய் விறகுப் பக்கம் போட்டான். யாரும் அதற்காக வருந்தவில்லை. அதை எடுக்காமல் உள்ளே இருக்கும் பலகைக்குப் போக முடியாது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். நான் நோட்டை மூடிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத முடியாமல் உட்கார்ந்திருந்த என் காலைகளும் அந்தப் பக்கப் பலகைகள்தான் என்று அப்போது பட்டது.

அன்று மாலை பரணில் ஏறினேன்.

வாரத்துக்கு ஏழு காலை. அதில் நான்கைக் கழித்துவிட்டேன். அந்த நான்கில் அம்மாவுக்குக் காய்ச்சலாக இருக்கலாம், எனக்கு உடம்பு முடியாமல் போகலாம், ஒரு வரியும் வராமல் போகலாம். எதுவானாலும் கணக்குக்குள் அடக்கம். மிச்சம் மூன்று காலையில் அரைப் பக்கம் வீதம் ஒன்றரைப் பக்கம். மாதத்துக்கு ஆறு பக்கம். இரண்டு மாதத்துக்கு ஒரு கதை. கேட்பதற்கு மிகச் சிறியது. ஆனால் அந்த ஆண்டு ஆடி முதல் மாசி வரை நான் நான்கு கதை எழுதினேன். அதற்கு முந்தைய நல்ல ஆண்டுகளில்கூட அவ்வளவு எழுதியதில்லை. எழுதாத நாளுக்காக என்னை நானே திட்டிக்கொள்ளச் செலவிட்ட தெம்பு முழுவதும் மிச்சமாயிற்று, அவ்வளவுதான் காரணம்.

தொலைந்த பதினொரு கதைகளையும் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். ஏழு திரும்பி வந்தன. நான்கு வரவில்லை. எவை வந்தன, எவை வரவில்லை என்று யோசித்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ஒரு பொருளோ ஓசையோ உள்ளே இருந்த கதைகள் திரும்பின. சோதனைச் சாவடியில் காத்து நிற்கும் லாரிக்கு அடியில் தொட்டில் கட்டித் தூங்கிய குழந்தையின் கதை வந்தது. மழையில் நனைந்த ரேஷன் கார்டை இட்லிக் குண்டான் மூடியின் மேல் உலர்த்திய கிழவியின் கதை வந்தது. நான் எதையோ நிரூபிக்க எழுதிய கதைகளில் எனக்கு ஒரு வாக்கியம்கூட நினைவில்லை. வாதம் மட்டும் நினைவிருக்கிறது, மனிதர்கள் இல்லை. அந்த நான்கும் வெள்ளை மரம், பூச்சி அரித்துவிட்டது. தொலைத்தவர்கள் மீது எனக்கு இன்னும் வருத்தம் உண்டு, அது தீரவும் தீராது. ஆனால் அந்த நான்கு கதைகளுக்காக இப்போது வருந்துவதில்லை.

கணக்கு மட்டும் ஆளை எழுப்பி உட்கார வைக்காது. யாராவது காத்திருக்க வேண்டும். எனக்கு இரண்டு பேர் இருந்தார்கள்.

அக்கா தினமும் இரவு ஒன்பதுக்குப் போன் செய்வாள், அம்மாவைக் காட்டச் சொல்லி. அம்மாவால் பேச முடியாது. அக்கா பார்ப்பாள், அழுவாள், வைத்துவிடுவாள். இப்படியே ஒரு மாதம். ஒருநாள் அழுகையை நிறுத்த வழி தெரியாமல், அன்று காலை எழுதிய அரைப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். அம்மாவின் கட்டில் அருகே போனை நிறுத்தி வைத்துவிட்டு இருவருக்குமாகப் படித்தேன். அக்காவுக்குத் தமிழ் வாசிப்பு விட்டுப்போய் இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அவள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. என் கதை ஒன்றையும் அவள் அதுவரை படித்ததில்லை. நான் நிறுத்தியதும், "என்னிட்டு?" என்றாள்.

மலையாளத்தில் அதற்கு 'அப்புறம்?' என்று பொருள். தமிழில் பேசிக்கொண்டிருந்தவள் தன்னை மறந்து கேட்ட கேள்வி அது. அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன் என்றேன். "எங்கில் நாளைக்கு எழுது" என்று, 'அப்படியென்றால்' என்பதையும் மலையாளத்திலேயே சொல்லி அதட்டினாள். சிறுவயதில் என் தலையில் பேன் பார்க்கும்போது அதட்டுவாளே, அதே குரல்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வாசகி கிடைத்தாள். முகம் தெரியாத ஆயிரம் பேரை நினைத்து எழுதிய காலத்தில் வராத நேர்மை அந்த ஒருத்திக்காக எழுதும்போது வந்தது. பொய்யான இடத்தில் அக்கா பேசாமல் இருந்துவிடுவாள். போனில் அந்த மௌனம் நன்றாகக் கேட்கும். "அந்தப் பெண் அப்படிச் சொல்ல மாட்டாள்" என்பாள் சில நேரம். எந்தப் பெண் என்று கேட்டால், "நம் கீழத்தெரு அத்தை மாதிரி ஒருத்திதானே, அவள் அழ மாட்டாள், பாத்திரத்தைத்தான் போட்டு உடைப்பாள்" என்பாள். அவள் சொன்ன இடங்களைப் பெரும்பாலும் மாற்றினேன். எந்தப் பத்திரிகை ஆசிரியரிடமும் நான் இத்தனை கற்றதில்லை.

இன்னொருவர் அம்மா. பயிற்சி கொடுக்க வந்த பெண், இடது கையால் எதையாவது எழுத வைக்கச் சொன்னாள். சிலேட்டு வாங்கி வந்தேன். முதல் பத்து நாள் வெறும் கோடு. ஒருநாள் காலை நான் மேசையில் இருக்கும்போது அம்மா கட்டிலிலிருந்து ஓசை எழுப்பினார். போய்ப் பார்த்தேன். சிலேட்டில் ஓர் எழுத்து இருந்தது. வளைந்து, நடுங்கி, ஒரு பக்கம் சரிந்து. தமிழ் எழுத்து என்று நினைத்து உற்றுப் பார்த்தேன், பிடிபடவில்லை. பிறகுதான் புரிந்தது, அது மலையாள 'அ'. அம்மா படித்த காலத்தில் செங்கோட்டைப் பள்ளியில் மலையாளமும் ஒரு பாடமாக இருந்தது. 1956-க்குப் பிறகு அதை விட்டுவிட்டார். அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அவர் அதை எழுதி நான் பார்த்ததே இல்லை. எங்கே இருந்தது அது இத்தனை நாள்?

அதன் பிறகு நாங்கள் இருவரும் காலையில் சேர்ந்து உட்கார்ந்தோம். அவர் கட்டிலில் சிலேட்டோடு, நான் மேசையில் தாளோடு. ஒரு நாளைக்கு ஓர் எழுத்து. சில நாள் தமிழ், சில நாள் மலையாளம். ஒரே எழுத்தைப் பதினைந்து நாள் எழுதியதும் உண்டு. எழுதி முடித்ததும் சிலேட்டைத் திருப்பி என்னிடம் காட்டுவார். நானும் என் தாளைக் காட்ட வேண்டும். காலியாக இருந்தால் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். நான் எழுதத் தொடங்கும் வரை தட்டல் நிற்காது. காலிக் காலைகளைக் கணக்கில் கழித்து வைத்திருந்தவளை அம்மா அந்தக் கழிவுக்குள்ளும் விடவில்லை.

இந்த எல்லைப் பகுதியில் எழுதியவர்கள் பலரும் வேறொரு தொழிலை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதினார்கள். ஆ. மாதவன் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். அந்தத் தெருவின் சுமட்டுக்காரர்களையும் தரகர்களையும் திருடர்களையும் விட்டு அவர் கதை வெகுதூரம் போகவில்லை. 2015-ல் அவருக்குச் சாகித்ய அகாதமி விருது வந்தபோது அவர் எண்பதைக் கடந்திருந்தார். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வற்றல் வியாபாரி. பள்ளியில் மலையாளம் படித்தவர் என்பதால் தமிழ்க் கதையை மலையாள எழுத்தில் எழுதி, அதைப் பிறர் தமிழ் எழுத்துக்கு மாற்றித்தான் அச்சுக்குப் போனது. 1997-ல் அவரும் அகாதமி விருது பெற்றார். எழுத்து தெரியவில்லை என்று அவர் நின்றிருந்தால் அந்தக் கடற்கரை கிராமம் நமக்குக் கிடைத்திருக்காது. என் நிலையை அவர்களோடு ஒப்பிடவில்லை. கல்லாவில் சில்லறை எண்ணிய கை, மிளகாய் நெடி ஏறிய கை, அதே கைதான் எழுதவும் செய்தது என்று அறிந்தபோது, கணக்கு நோட்டைப் பகையாளியாகப் பார்ப்பதை நான் நிறுத்தினேன்.

நிறுத்திய பிறகு மில்லிலிருந்தே சொற்கள் வரத் தொடங்கின. மேசை இழுப்பறையில் ஒரு சின்ன நோட்டு வைத்தேன். எழுத முடியாத நாளில் ஒரு சொல்லாவது அதில் ஏறும். நாங்கள் அயினி என்பதைக் கேரளத்து வியாபாரிகள் ஆஞ்ஞிலி என்கிறார்கள். நாம் பலா என்பது அவர்களுக்குப் பிலாவு. நாங்கள் அறுவை மில் என்கிறோம். பத்தனாபுரத்திலிருந்து வரும் ஒரு முதியவர் 'ஈர்ச்ச மில்' என்பார். முதல் முறை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாள் என்பது உயிரை ஈரும் வாள் என்று குறளில் படித்தோமே, அந்த ஈர்தல். நம் பக்கம் புத்தகத்துக்குள் போய்விட்ட சொல், மலைக்கு அந்தப் பக்கம் மரத்தூள் படிந்து இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அன்று முழுவதும் அந்த ஒரு சொல்லோடு மகிழ்ச்சியாக இருந்தேன். சம்பளம் பாதியாக வந்த மாதங்களைத் தாண்டி வந்த காலம் அது. அந்த மகிழ்ச்சியில் குறை ஒன்றும் இல்லை.

துயரக் காலத்தில் மனதை உற்சாகமாக வைத்துக்கொள்ள வேண்டும், நல்லதை நினைக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு, ஆனால் என்னால் அது முடிந்ததில்லை. அம்மாவின் முதுகில் படுக்கைப் புண் வந்த வாரத்தில் எந்த நல்லதை நினைப்பது? உற்சாகம் இல்லாமலும் அரைப் பக்கம் எழுத முடியும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். அழுதுகொண்டே அரிசி களைகிறோம் அல்லவா, சோறு வெந்துதான் இருக்கிறது. துக்கம் நேராகக் கதைக்குள் வரவும் வேண்டியதில்லை. அம்மா படுத்திருந்த இரண்டு ஆண்டில் நான் நோயாளி பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலில் படம் எடுக்க வரும் கேரளத்துக் குடும்பங்கள் பற்றி எழுதினேன். கொல்லம் ரயில் பற்றி எழுதினேன். 1904 முதல் மலையேறிக்கொண்டிருந்த அந்த ரயிலை 2010-ல் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தினார்கள். 2018-ல்தான் மறுபடி ஓடியது. அந்த எட்டு ஆண்டும் அக்கா பஸ்ஸில் வந்தாள், ஒவ்வொரு முறையும் வாந்தி எடுத்து, முகம் வெளிறி, கையில் ஏத்தன்காய் வற்றல் பொட்டலத்தோடு. தண்டவாளம் இல்லாத பாலத்தைப் பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டே வருவேன் என்பாள். அதை எழுதி அவளுக்கே படித்துக் காட்டியபோது அவள் நீண்ட நேரம் பேசவில்லை. இம்முறை அந்த மௌனம் வேறு.

2022 மாசியில் அம்மா போய்விட்டார். அதற்குள் எல்லை திறந்திருந்தது, அக்கா பக்கத்தில் இருந்தாள். கடைசி மாதங்களில் சிலேட்டு எடுக்கத் தெம்பில்லை. போர்வை மேல் விரலால் எழுதுவார், என்ன எழுத்து என்று நாங்கள் இருவரும் ஊகிப்போம். காரியம் முடிந்த பிறகு நாற்பது நாளுக்கு மேல் நான் மேசைப் பக்கம் போகவில்லை. அந்த நாற்பதையும் கழிவில் வைத்தேன். கட்டில் சட்டத்தில் தட்டும் ஓசை இல்லாத காலையில் உட்கார்வது எப்படி என்று தெரியவில்லை. ஒருநாள் லாரி ஓசையில் விழித்து, பழக்கத்தில் சாயாவுக்குத் தண்ணீர் வைத்து, பழக்கத்தில் தாளை எடுத்தேன். அரைப் பக்கம் வரவில்லை. மூன்று வரி வந்தது.

அந்தப் பெண்ணிடம் நான் கேட்க மறந்தது ஒன்று உண்டு. டயாலிசிஸ் நான்கு மணி நேரம் ஓடும் என்றாளே, அப்போது அவள் அப்பா விழித்திருப்பாரா? கதை கேட்பாரா? அடுத்த முறை வந்தால் கேட்க வேண்டும். எடைக்குப் போடும் தாள் ஒரு கட்டு அவளுக்கும் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது ஆனி. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிட்டது. வெயில் அடிக்கும்போதே சாரல் விழுகிறது. தாள் நமுத்துப் போய் மை ஊறுகிறது, பென்சிலுக்கு மாறியிருக்கிறேன். மேசையில் ஒரு கதை மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறது. மரத் தரகர் ஒருவர் தன் வீட்டு முற்றத்து அயினியை விற்க ஒப்புக்கொண்டுவிட்டார். நாளைக் காலை ஆள் வரும். இரவு மனைவி மரத்தடியில் போய் நிற்கிறாள். அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று இரவு ஒன்பது மணிக்கு அதுவரை படித்தேன். சாரலில் போன் இரைந்தது, பாதி கேட்டிருக்காது என்று நினைத்தேன். கேட்டிருக்கிறாள்.

"என்னிட்டு?" என்றாள் அக்கா.